பூநாரைகள் ஏன் பறந்தன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் கூட்டமாக எழும்பும் வண்ணப்படம் வந்திருந்தது. எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் பேப்பரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு பெரியவர், "நம்ம ஊர்ப் பக்கத்துல இவ்ளோ இருக்கா?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். என் கண் நேராகப் போன இடம் படத்தின் இடது ஓரம். அங்கே தண்ணீரில் வளைவாக ஒரு வெள்ளை நுரைக்கோடு கிடந்தது. மோட்டார் படகு வேகமாகத் திரும்பினால்தான் அப்படி நுரை வரும். பறவைகள் அத்தனையும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு படத்தை நானே எடுத்து, என் ஸ்டுடியோ வாசலில் பல வருடம் மாட்டி வைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அப்பா ஆரம்பித்த சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, இதுதான் பிழைப்பு. எங்கள் தொழிலில் வருடத்துக்கு இரண்டு மாதம் கை காய்ந்துவிடும். ஒன்று ஆடி, இன்னொன்று மார்கழி. ஆடியில் வெயில், புழுக்கம், எங்கேயும் போகத் தோன்றாது. மார்கழி அப்படியில்லை. மழை ஓய்ந்து ஏரியும் கழியும் நிறைந்து கிடக்கும். காலையில் பனி இறங்கும். சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக எழும்புவதால் வெளிச்சம் ரொம்ப நேரம் சாய்வாகவே விழும், முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம் எல்லாப் பொருளிலும் இருக்கும். வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும். கல்யாண கேமரா சும்மா கிடக்கும். சரி, அப்புறம் என்ன? இருபது வருடத்துக்கு மேலாக என் மார்கழி இப்படித்தான் போகிறது.

பழக்கிவிட்டவர் அப்பா. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது, கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் கொசஸ்தலை ஆற்றின் கழியைக் கடக்கும். "இப்ப பாரு, இப்ப பாரு" என்பார். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர், சேற்றுத் திட்டு, உப்பளம். கூழைக்கடாக்கள் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும். நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சிக் காலோடு நடக்கும். ஒரு நிமிடம்கூட இருக்காது, பாலம் முடிந்துவிடும். அப்பா படம் எடுக்க மாட்டார், ஃபிலிம் ரோல் விலை அப்படி. "கண்ணால எடுத்துக்கோ" என்பார். இப்போதும் பொன்னேரிக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் நான் கேமராவைத் தொடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பூநாரையை ஏன் எல்லோரும் பறக்கும் நிலையிலேயே எடுக்க ஆசைப்படுகிறார்கள்? நேரில் பார்க்காதவர்களுக்கு இது தெரியாது. பழவேற்காட்டில் நாம் அதிகம் பார்ப்பது பெரும்பூநாரை. அது தண்ணீரில் நிற்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வெள்ளைப் பறவைதான். இளம் ரோஜா நிறம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் குங்குமச் சிவப்பு முழுக்க மடித்த இறக்கைக்குள் இருக்கிறது. இறக்கையை விரித்தால் உள்ளே சிவப்பு, ஓரத்தில் கன்னங்கரிய இறகுகள். பட்டுப்புடவை மடிப்பைப் பிரித்தால் முந்தானை தெரியுமே, அந்த மாதிரி. பொன்னேரிவரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது ஆட்டோ, காலை நாலு மணிக்கு எழுந்து வந்தவருக்கு வெள்ளைப் புள்ளிகளோடு திரும்ப மனசு வராது. சிவப்பு வேண்டும், உடனே வேண்டும். அதற்கு ஒரே குறுக்குவழி, கூட்டத்தை எழுப்பிவிடுவது.

2010 ஜனவரியில் நான் அதைச் செய்தேன். ஒரு கல்யாணப் பணத்தில், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழவேற்காட்டில் படகு பேசிக்கொண்டு ஏறினேன். ஓட்டிய தம்பி நல்ல பையன், வேலை தெரிந்தவன். தூரத்தில் கூட்டம் தெரிந்ததும் எஞ்சினைக் குறைத்தான். பத்து நிமிடம் பார்த்தோம். தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, எழுப்பட்டுமா?" என்றான். டீ போடட்டுமா என்பது போலத்தான் கேட்டான். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் போல. "சரிப்பா" என்று சொன்னது நான்தான். அந்த ஒரு வார்த்தைக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது.

எஞ்சின் உறுமியது. படகு நேராகப் போனது. முதலில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. பிறகு நடக்க ஆரம்பித்தன, பிறகு ஓட்டம். பூநாரையால் நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்ப முடியாது, தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்ப வேண்டும். அந்த ஓட்டமும் வாத்து மாதிரியான அந்தக் கத்தலும் இன்னும் என் காதில் இருக்கிறது. வானம் முழுக்கச் சிவப்பு. விரலை எடுக்காமல் முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். கை நடுங்கியது, சந்தோஷத்தில்.

கரைக்கு வந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா என் கேமராவைப் பார்த்தார். "எழுப்பிட்டீங்களா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "காலைலேருந்து இது மூணாவது வாட்டி. இன்னொரு வாட்டி எழுப்பினா இந்தப் பக்கம் உக்காராது, வடக்கால போயிடும்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்த்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, வாசலில் மாட்டினேன். அதைப் பார்த்து இரண்டு கல்யாண ஆர்டர்கூட வந்தது.

மூன்று என்ற கணக்குதான் பிறகு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. நான் எடுத்தது ஒரு முறை, எனக்கு அது ஒரு நாள். அந்தப் பறவைக்கு அன்று மூன்றாவது ஓட்டம். மறுநாள் வேறு யாரோ வருவார்கள். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு பூநாரை எப்படிச் சாப்பிடுகிறது என்று நின்று பார்த்தால் இந்தத் தொந்தரவு என்னவென்று விளங்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடையில் தங்கியதை விழுங்குகிறது. தங்குவது என்ன? பொடி இறால் வகைகள், புழு பூச்சிகள், பாசி, விதை. காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கிவிட்டுத் தேடும். மூன்று கிலோவைச் சுற்றி எடை இருக்கும் பறவை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிகளைச் சலித்து வயிற்றை நிரப்ப வேண்டும். நாளில் பெரும்பொழுது தலை தண்ணீருக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும். அது தலையைத் தூக்குகிற ஒவ்வொரு நிமிடமும் பட்டினி நிமிடம். ஓடி எழும்பிப் பறப்பது அதற்கு மேல் செலவு. அதன் இறக்கைச் சிவப்பே அந்தத் தீனியிலிருந்து சேர்கிற நிறம்தான். குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், வருடக்கணக்கில் தின்று தின்றுதான் சிவப்பேறும். எந்தச் சிவப்புக்காக அதை விரட்டுகிறோமோ அதைச் சேர்க்கிற வேலையைத்தான் கெடுக்கிறோம்.

பூநாரை கிளம்பினால் அதோடு எல்லாம் கிளம்பும். படத்தில் வராத சின்னஞ்சிறு பறவைகளைச் சொல்கிறேன். சேற்று விளிம்பில் கொசு உள்ளான் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கோழிமுட்டையில் பாதி எடை இருக்குமா, அவ்வளவுதான். ஆர்க்டிக் கரையோரத்தில், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற பறவை அது. குளிர்காலத்தைக் கழிக்க நம் சேற்றுக்கு வருகிறது. இந்த மாதிரிக் கரைப்பறவைகள் மாசி, பங்குனியில் வயிறு நிறையத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டால்தான் திரும்பிப் போக முடியும். சில இனங்கள் கிளம்புமுன் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நம்மைப் பொறுத்தவரை அது உல்லாசப் பயணம் வந்த பறவை. அது வந்திருப்பது வழிச்செலவுக்குச் சேர்க்க.

நான் மாறியது ஒரு அம்மாவால். 2012 மார்கழியில், ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிப் பக்கம் கரையோரமாக நடந்தே போய்ப் பார்க்கலாம் என்று போனேன். கணுக்கால் தண்ணீர். தூரத்தில் பூநாரைகள். நான் நாலு எட்டு வைத்தால் தலைகள் நிமிர்கின்றன. நின்றால் குனிகின்றன. மறுபடி நாலு எட்டு, மறுபடி நிமிர்கின்றன. எனக்கு எரிச்சல். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால், பறவைகளுக்கு இன்னும் கிட்டே, ஒரு வயதான அம்மா இடுப்பு வளைத்துச் சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். இருளர் சமூகத்து அம்மா. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தேடி, பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே போனார். பூநாரைகள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நாற்பது அடி இருக்கலாம். பக்கத்து வயலில் களை பறிக்கிற ஆளைப் போல அவரை அவை வைத்திருந்தன.

அவர் கரையேறியதும் கேட்டேன், எப்படி அம்மா என்று. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "வட்டிக்காரன் மாதிரி மூஞ்சியையே பாத்துக்கினு நேராப் போனா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. நீ உன் வேலையப் பாரு. கோணலாப் போ. கீழ பாத்துப் போ."

இதைவிட நல்ல பாடம் எந்தப் புகைப்பட வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து நேராகப் போவதில்லை. கரையோரமாகக் குறுக்கே நடக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெருங்குகிறேன். பறவையை உற்றுப் பார்ப்பதில்லை. எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். மீட்டர் கணக்கு உதவாது, தலைக் கணக்குதான் உதவும். எல்லாத் தலையும் தண்ணீருக்குள் இருந்தால் நீங்கள் தொந்தரவில்லை. ஓரத்தில் இருக்கிற இரண்டு மூன்று நிமிர்ந்தால் நில்லுங்கள், உட்காருங்கள். பாதிக் கூட்டம் நிமிர்ந்து ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகமாகப் போய்விட்டீர்கள், பின்னால் வாருங்கள். பறந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

அப்படியானால் சிவப்பு கிடைக்காதா? கிடைக்கும். இதைச் சொல்லத்தான் இத்தனை எழுதினேன். பூநாரை தானாகவே இறக்கையை விரிக்கிறது. இறகு கோதி முடித்ததும் ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும், கதவு திறந்து மூடுகிற மாதிரி. இணை சேரும் காலம் நெருங்க நெருங்கக் கூட்டமாக நின்று கழுத்தை உயர்த்தி, தலையை இப்படியும் அப்படியும் வெட்டி, இரண்டு இறக்கையையும் விரித்துக் காட்டும். நம் கரையில் அது கூடு கட்டுவதில்லை, அதற்கு குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளி மாதிரியான இடம் வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கான ஒத்திகையை இங்கேயே தொடங்கிவிடும். போன வருடம் தை மாதம், முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்குக் கரையில் சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் அங்கே சூரியன் எதிரே இருக்கும், பனியில் கறுப்பு உருவங்களாகத்தான் விழும். மூன்று மணிக்கு மேல்தான் வெயில் நம் முதுகுப் பக்கம் வந்து பறவை மேல் படும். ஒரு மணிக்கு உட்கார்ந்தவள் நாலே முக்கால் வரை உட்கார்ந்திருந்தேன். நான் நகராததால் கூட்டம்தான் என் பக்கம் மேய்ந்துகொண்டே வந்தது. மொத்தம் பதினொரு படம். அதில் ஒன்றில், தலை குனிந்து மேயும் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு பறவை, ஒரு பக்கத்து இறக்கையை முழுக்க விரித்து நிற்கிறது.

வாசலில் இருந்த பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். நிறைய பேர் நின்று கேட்கிறார்கள், "இது ஒண்ணு மட்டும் ஏன் இப்படி நிக்குது?" என்று. பழைய படத்தைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, "சூப்பர்" என்பதோடு சரி.

படகுக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள் என்று வனத்துறையிடமும் வாசகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் மீனவர்கள். ஏரியின் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் மீன் வரத்துப் போய்விடும், வருமானம் சுருங்கிவிடும். அந்த நாட்களில் படம் எடுக்க வருகிறவர் கொடுக்கும் காசு அரிசிக்கும் டீசலுக்கும் ஆகும். எழுப்பச் சொல்லிக் கேட்பது நாம். எழுப்பாதே, எஞ்சினை அணை, துடுப்புப் போடு, அதே காசு தருகிறேன் என்று நாம் சொன்னால் அவர்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. இத்தனைக்கும் கூட்டம் எந்த நேரத்தில் எந்தத் திட்டுக்கு வரும் என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. பறவையைத் துரத்தி வளைத்து வளைத்து ஓட்டுகிற படகில் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துக்கொண்டு ஆட்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டவோ துன்புறுத்தவோ கூடாது என்கிறது. அடுத்த பிரிவு, படம் எடுக்க உள்ளே போவதற்கான அனுமதியைப் பற்றிப் பேசுகிறது. கையில் கேமரா இருந்தால் சீண்டுவது சீண்டலில்லை என்று எங்கும் எழுதவில்லை. டிரோனும் அதே கணக்குதான். மேலே இருந்து இறங்குகிற எதையும் பறவை பருந்து என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

சரணாலயம் என்று பெயர் வாங்காத எண்ணூர்க் கழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் மார்கழியில் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் அனல்மின் நிலையப் புகைபோக்கி ஃப்ரேமுக்குள் வராதபடி கோணம் பார்த்து, தப்பித்தவறி வந்தால் வெட்டிவிட்டு, ஏதோ தனித்தீவில் எடுத்தது போலப் போடுகிறார்கள். போகியன்று டயர்ப் புகையில் எடுத்த படத்துக்கு மார்கழிப் பனி என்று பெயர் வைக்கிறார்கள். வேண்டாம். கூழைக்கடாவுக்குப் பின்னால் புகைபோக்கி இருக்கிறது, அது அங்கேதான் இருக்கிறது, இருக்கட்டும். சாம்பல் படிந்த திட்டில்தான் உள்ளான் மேய்கிறது, அதுவும் தெரியட்டும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் பரவியபோது, வெள்ளைக் கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாகப் படகு ஓரத்தில் உட்கார்ந்திருந்ததை ஊருக்குக் காட்டியது யார்? எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் செல்போனில் எடுத்த படங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஃபோகஸ்கூடச் சரியாக இருக்காது. வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த மீனவர்களுக்கு நடுவில் நின்று எடுத்த படங்கள் அவை. நானும் அந்த வாரம் நாலு நாள் போனேன். ஒரு கூழைக்கடா இறக்கையைக் கோதிக் கோதிப் பார்த்துவிட்டு, முடியாமல் அலகைத் தோளில் சாய்த்துக்கொண்டதை எடுத்திருக்கிறேன். அதைப் பெரிதாக்கி மாட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அழிக்கவும் மாட்டேன்.

இந்த அக்டோபரில் இன்னொன்று நடந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பின்கட்டில், முருங்கைக்கு அடியில், ஆறுமணிக்குருவி ஒன்று வந்து இறங்கியிருந்தது. வடக்கே இருந்து இரவெல்லாம் பறந்து களைத்து வந்து விழுகிற பறவை, பச்சையும் நீலமுமாக அவ்வளவு அழகு. அரைமணி நேரத்தில் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஒரு பையன் செல்போனில் அதன் குரலையே போட்டுப் போட்டு அதை வெளியே வரவழைத்தான். அதுவும் வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நம்பி வந்து வந்து பார்த்தது. நான் போய்ப் போனை அணைக்கச் சொன்னேன். அவனுக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். "போட்டோதானே ஆன்ட்டி எடுக்கிறோம், கல்லா அடிக்கிறோம்?" என்றான். 2010-இல் படகில் உட்கார்ந்திருந்தபோது என்னிடமும் இதே கேள்விதான் இருந்தது. அவனை உட்கார வைத்து, சத்தமில்லாமல் இருக்கச் சொன்னேன். இருபது நிமிடத்தில் குருவி தானாகவே சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்தது. அவன் எடுத்த படம் நன்றாகவே வந்தது.

ஆசிரியரே, தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பறவைக் கூட்டம் பறக்கிற படம் தங்கள் மேசைக்கு வரும்போது, எடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவை ஏன் பறந்தன? பதில் இருந்தால் போடுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது, எழும்பின என்று சொல்கிறாரா, தாராளமாகப் போடுங்கள், அந்தக் காரணத்தையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். சாயங்காலம் வேறு திட்டுக்குத் தானாகவே வரிசையாகப் போயின என்கிறாரா, அது இன்னும் அழகான படம். பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் படம் வேண்டாம். முதல் பக்கத்தில் வருகிற ஒரு படத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறு நூறு பேர் அதே படத்தை எடுக்கக் கிளம்புகிறார்கள். என் வாசல் படத்தைப் பார்த்தே, அது எங்கே, எந்தப் படகு என்று விசாரித்துக்கொண்டு போனவர்கள் எனக்குத் தெரிந்து ஆறு பேர். தங்கள் பேப்பரைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று தங்களுக்குத்தான் தெரியும். வாசகர்கள் அனுப்பும் படங்களைப் போடும் பகுதியிலும் இந்தக் கேள்வியை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், எடுக்கிற கை ஷட்டரை அழுத்துமுன் ஒரு நொடியாவது யோசிக்கும்.

வனத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். பூநாரை மேயும் ஆழமில்லாத திட்டுகளைச் சுற்றி மூங்கில் கழி நட்டு, மோட்டார் இதற்கு மேல் வரக்கூடாது என்று ஒரு எல்லை காட்டுங்கள். எங்கே நட வேண்டும் என்பதை மீனவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அவர்கள் வலை போடும் இடத்துக்கு அது குறுக்கே வரக்கூடாது. கரையில் ஒரு ஓலைப்பந்தல் மறைப்பு இருந்தால் படகே இல்லாமல் உட்கார்ந்து எடுக்கலாம். அதைக் கவனித்துக்கொள்ளும் வேலையை இறால் தடவும் அந்த அம்மாக்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தை மாதத்துப் படத்தை இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள், பணம் எதுவும் வேண்டாம். ஓரத்தை வெட்டாமல் போட்டால் நல்லது, வலது கோடியில் மங்கலாகத் தெரிகிற உருவம் இறால் தடவுகிற ஒரு அம்மா. படத்துக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "அண்ணாமலைச்சேரிக் கரையிலிருந்து, மாலை 4.40. பறவைகள் பறக்கவில்லை."

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் வாசகி ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை.